இரவல் வெள்ளைச் சட்டைகள்

வேலை கிடைத்த செய்தியைச் சொல்லப் பொன்முடிக்குப் பஸ் ஏறிப் போனேன். தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்தில் எங்கள் வீட்டு முன்னால் அம்மா கொழுந்துக் கூடையைத் தட்டிக் காயவைத்துக்கொண்டிருந்தாள். திருவனந்தபுரத்தில், சுகாதாரத் துறையில், எழுத்தர் வேலை என்றேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்த இடத்தில் பேச்சை நிறுத்தியிருக்கலாம். மனநல ஆஸ்பத்திரிகளைப் பார்வையிடும் குழுவுக்கு என்னை உதவியாளாகப் போட்டிருக்கிறார்கள் என்றும் சொல்லிவிட்டேன்.

"பைத்தியார ஆஸ்பத்திரியா?"

"சும்மா பாத்து எழுதுறதுதாம்மா."

"பாத்து எழுதிட்டா சாயங்காலம் வெளிய விட்டுருவாவல்லா?"

உள்ளே பீடி தேடிக்கொண்டிருந்த அப்பா, "இங்கன இருக்கிற கிறுக்கனுவ போதாதுன்னு படிச்சுப்போட்டு அங்க போறான்" என்றார். பிறகு வெளியே வந்து, அங்கே என்னதான் பார்ப்பீர்கள் என்று கேட்டார். நோயாளிகளைக் கவனிக்கப் போதிய ஆள் இருக்கிறதா, சாப்பாடு ஒழுங்கா, படுக்கை சுத்தமா என்று படிவத்தில் இருந்ததை ஒப்பித்தேன்.

"துரை ரவுண்டு வாற அன்னைக்கு இங்க ஓடைக்கெல்லாம் சுண்ணாம்பு போடுவாவ. பிள்ளைக் கொட்டகையில ஆயா மூணு பேரு நிப்பாவ. மறுநாள் பாத்தா ஒருத்திதான். அந்த மாதிரியா?"

"அது எஸ்டேட்டுப்பா. இது ஆஸ்பத்திரி" என்றேன். அரசாங்கக் காகிதத்தில் அச்சடித்த எதையும் நம்புகிற வயது எனக்கு.

குழு என்றால் பெரிய கூட்டம் ஒன்றும் இல்லை. தலைவர் ஓய்வு பெற்ற நீதிபதி. மலையாளி. என்னிடம் பேசும்போது மட்டும் தமிழ் பேசுவதாக நினைத்துக்கொண்டு ஒரு பாஷை பேசுவார். இரண்டாவது ஆள் அரசாங்க மனநல மருத்துவரான ஒரு டாக்டரம்மா, நாகர்கோவில் பக்கத்துக்காரர். மூன்றாவது நான், படிவக் கட்டோடு. துறையின் ஜீப் நாங்கள் ஏறியதும் கிளம்பாது. டிரைவரும் நானும் இறங்கித் தள்ள வேண்டும். நீதிபதி உள்ளே இருந்தபடி, "இன்னும் கொஞ்சம் பலமா" என்று உத்தரவு போடுவார்.

படிவத்தை நான் நீட்டியதும் டாக்டரம்மா முதல் நாளே அதை மடக்கி என் கையில் திருப்பிக் கொடுத்தார். "தம்பி, வாசல்ல நின்னு மொதல்ல மூச்சை இழுத்துப் பாரு. பெனாயில் வாடை தூக்கலா அடிச்சா சந்தேகப்படு. பொறவு நோயாளி நகத்தைப் பாரு. தண்ணிக் கூஜா கைக்கு எட்டுற தூரத்துல இருக்கா, கதவுக்குத் தாழ்ப்பா எந்தப் பக்கம், அதையெல்லாம் பாரு. அதுக்கப்புறம் பேப்பரை எடு, கேட்டியா?"

கேட்டேன். கேட்டது தலைக்குள் புகுந்துகொண்டது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரின் நகத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். தம்பானூரில் நான் தங்கியிருந்த லாட்ஜ் அறையில் கூஜா கட்டிலுக்கு எட்டாத தூரத்தில் இருப்பதைக் கண்டுபிடித்து மேனேஜரிடம் புகார் சொன்னேன். கட்டிலை நகர்த்திப் போட்டுக்கொள்ளச் சொன்னார் அவர்.

நாங்கள் பார்க்க வேண்டிய இடங்களில் மிகச் சிறியது ஸ்ரீவராகத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு தனியார் மனநல மருத்துவமனை. பழைய நாலுகட்டு வீடு. முற்றத்தைச் சுற்றி ஒரு பக்கம் ஆண்கள், மறுபக்கம் பெண்கள், எல்லாம் சேர்த்து இருபது கட்டிலுக்குள்தான் இருக்கும். நடத்துகிற டாக்டர் மாடியிலேயே குடியிருந்தார். முதல் தடவை நாங்கள் போனபோது வாசலில் நின்று மூச்சை இழுத்தேன். பெனாயில் இல்லை. வறுத்த வெங்காய வாசனை வந்தது. உள்ளே போனால் நடைபாதையில் ஒரு நோயாளியின் காலைத் தன் மடியில் வைத்து ஒரு மனிதர் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். அவர்தான் டாக்டர்.

"நகம் நல்லா இருக்கு" என்று டாக்டரம்மாவிடம் மெதுவாகச் சொன்னேன்.

"வெட்டுறது யாருன்னு பாத்தியா? அதான் இங்க வியாதி" என்றார் அவர்.

கவனிக்க ஆள் இல்லை. இத்தனை நோயாளிக்கு இத்தனை உதவியாளர் என்று விதி இருந்தது. இங்கே அதில் பாதிகூட இல்லை. டாக்டர் மறைக்கவும் இல்லை. "ஆளு நிக்கமாட்டேங்குறாங்க, சார். ஒரு வருஷம் வேலை பழகி சர்டிபிகேட்டை வாங்கிட்டுப் பேர்ஷியா, துபாய்னு போறாங்க. அது பாதிப் பேரு. மிச்சப் பேரு, கல்யாணம் பேச வர்றவங்ககிட்ட இந்த ஆஸ்பத்திரியில வேலைன்னு சொல்ல முடியலைன்னு போறாங்க, கேட்டோ."

ஆள் குறைவு என்றால் என்ன என்பதை நான் படிவத்தில் புரிந்துகொள்ளவில்லை. ஆண்கள் பக்கத்தில் ஜன்னலோரக் கட்டிலில் இருந்த ஒருவரைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். ஸ்ரீவராகம் அக்ரஹாரத்துக்காரர், ஒரு கம்பெனியில் கணக்கராக இருந்தவர், ஐம்பது தாண்டியவர். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். சட்டை தோள்பட்டையில், ஆணியில் மாட்டியது போல் தொங்கியது. யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டுக் கேட்டு ஊட்டினால் சில வாய் சாப்பிடுவார். அதற்கு ஒரு ஆள் முழுதாக வேண்டும். அந்த ஆள் இல்லாததால் தட்டு போன மாதிரியே திரும்பி வந்துகொண்டிருந்தது.

நீதிபதி இரண்டு மாதம் அவகாசம் கொடுத்தார். அதற்குள் ஆள் சேரவில்லையென்றால் லைசென்ஸ் புதுப்பிக்கப்படாது. நோயாளிகள் நகரத்தின் அந்தக் கோடியில் இருந்த பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிக்கு மாற்றப்படுவார்கள்.

வெளியே வந்தபோது கேட்டருகே ஒன்பது கஜப் புடவையில் ஒரு மாமி தூக்குப் பாத்திரத்தோடு நின்றிருந்தார். ஜன்னலோரக் கட்டில்காரரின் மனைவி. நீதிபதியிடம் பேசத் துணியாமல் என்னிடம் வந்தார்.

"மூடிடப் போறேளாமே?"

"இன்னும் ஒண்ணும் முடிவாகலை மாமி. ஆள் போட்டா போதும்."

"அங்கே நன்னாத்தான் பாத்துப்பா, நான் குத்தம் சொல்லலை. ஆனா ரெண்டு பஸ் மாறணும். இங்கேன்னா ரெண்டு வேளையும் நடந்து வந்துடறேன். நான் குடுத்தா வாயை இன்னும் இறுக்கி மூடிக்கறார், அது வேற விஷயமாக்கும். ஆனா நான் வந்துட்டேன்னு அவருக்குத் தெரியும். அந்த ஜன்னல் வழியா வாசலைப் பாத்துண்டே இருப்பார். ரெண்டு பஸ் மாறிப் போனா எந்த வேளைக்குப் போவேன், நீங்களே சொல்லுங்கோ."

நான் ஜீப்பைத் தள்ளப் போனேன்.

இரண்டு மாதம் கழித்து அந்த ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காலையில், நான் வழக்கமாகச் சாப்பிடும் தம்பானூர் ஹோட்டல் மூடியிருந்தது. கதவில் சாக்கட்டியால், 'வெள்ளையடிப்பு, இன்று லீவு' என்று எழுதியிருந்தார்கள். எனக்கு அது பெரிய நஷ்டம். அந்த ஹோட்டலில் ஒரு சர்வர் இருந்தார், களக்காட்டுப் பக்கத்துக்காரர். நான் அவரை அண்ணாச்சி என்பேன். நான் உட்காரும் முன்பே சர்க்கரை குறைத்து, ஆடை எடுத்த டீ என் முன்னால் வந்துவிடும். ஊரில் என்னைத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான் என்று முதல் மாதத்தில் நினைத்துக்கொள்வேன். அன்றைக்குப் பக்கத்துக் கடையில் ஏதோ பாயசம் மாதிரி ஒரு டீயைக் குடித்துவிட்டு ஜீப்புக்குப் போனேன்.

ஆஸ்பத்திரி வாசலில் நின்று மூச்சை இழுத்தேன். பெனாயில் கண்ணைக் கரித்தது.

உள்ளே எல்லாம் மாறியிருந்தது. கட்டில் விரிப்புகள் சுருக்கமில்லாமல் இருந்தன. நடைபாதையில் புதிதாக நாலு உதவியாளர்கள் வரிசையாக நின்றார்கள். வெள்ளைச் சட்டை. சட்டையில் கடை மடிப்பு இன்னும் கலையவில்லை. கேட்டருகே மாமி மலர்ந்த முகத்தோடு, "ஆள் வந்தாச்சு, பாத்தேளோ" என்று சொல்லியிருந்தார். நானும் மகிழ்ச்சியோடு படிவத்தை எடுத்துத் தலையை நிமிர்த்தினேன். வரிசையில் முதலாவதாக நின்றவர் அண்ணாச்சி.

அவர் என்னைப் பார்த்தார். உடனே திரும்பி, ஏற்கெனவே ஒழுங்காக இருந்த ஒரு விரிப்பை மறுபடியும் நீவ ஆரம்பித்தார். மற்ற மூவரையும் பார்த்தேன். ஒருவர் ஹோட்டலில் மேஜை துடைப்பவர். ஒருவர் தண்ணீர் கொண்டுவருபவர். நாலாவது ஆள் பின்கட்டில் ஆட்டுக்கல்லில் மாவாட்டுகிறவர். நல்ல தேக்குமரம் மாதிரி உடம்பு. ஆனால் பயத்தில் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தார். ஓர் இளைஞன், அங்கே நோயாளியாக இருந்தவன், அவர் கையைப் பிடித்து, "பேடிக்கண்டா சேட்டா, பயப்படண்டா, இங்க எல்லாரும் நல்ல ஆளுங்கதான்" என்று தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தான்.

டாக்டரம்மா அண்ணாச்சியிடம் போனார். "இந்தப் பக்கம் எத்தனை பேரைப் பாத்துக்குறீங்க?"

"ஒரு பந்திக்குள்ளதாம்மா."

"முன்ன பின்ன அனுபவம் உண்டா?"

"வாற ஆளுவளக் கவனிக்கிறதுதாம்மா நமக்கு வேலை. பதினஞ்சு வருஷமா அதான் செய்யுதேன்."

அவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை. எனக்குத்தான் படிவம் கையில் கனத்தது. சொன்னால் இன்றைக்கே ஆஸ்பத்திரி போய்விடும், மாமி இரண்டு பஸ் மாற வேண்டும். சொல்லாவிட்டால் நாளைக்கு இந்த நாலு பேரும் ஹோட்டலுக்குப் போய்விடுவார்கள். ஜன்னலோரக் கட்டிலுக்குப் பக்கத்தில் மறுபடியும் ஆள் இருக்காது, தட்டு திரும்பி வரும். அப்பா சொன்ன பிள்ளைக் கொட்டகை ஞாபகம் வந்தது. சுற்றிப் பார்த்து முடித்ததும் டாக்டரம்மாவிடம் தனியாகச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன்.

அதற்குள் கஞ்சி வந்தது. ஜன்னலோரக் கட்டில்காரர் வழக்கம்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அண்ணாச்சி அந்தப் பக்கம் போனார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கட்டிலருகே இருந்த ஸ்டூலை ஒரு துடை துடைத்தார். ஒரு டம்ளர் தண்ணீரை வைத்தார். கொஞ்சம் குனிந்து, "சாமிக்கு என்ன வேணும்?" என்றார்.

கட்டில்காரர் சுவரையே பார்த்தார். சர்வர்களுக்கு அது புதிதும் இல்லை. அண்ணாச்சி எங்கே நிற்கிறோம் என்பதை மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன். கண்ணை மேலே பார்த்துக்கொண்டு ஒரே மூச்சில் ஆரம்பித்தார்.

"சூடா இட்லி வடை பொங்கல் பூரி கிழங்கு நெய் ரோஸ்ட் மசால் தோசை ரவா தோசை வெங்காய ஊத்தப்பம் ஆப்பம் இடியாப்பம் உப்புமா."

எதிர்க் கட்டிலில் இருந்தவர் எழுந்து உட்கார்ந்தார்.

"ரவா" என்றார் ஜன்னலோரக் கட்டில்காரர்.

"ரவா தோசையா சாமி, ரவா உப்புமாவா?"

"தோசை. முறுகலா."

"பத்து நிமிஷம் ஆகும்."

"ஆகட்டும்."

அங்கே ரவா தோசையும் இல்லை, அதை வார்க்கக் கல்லும் இல்லை. ஹோட்டலிலோ வெள்ளையடிப்பு. ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்த மாமி, "ஆத்துல ரவை இருக்கு" என்று யாருக்கோ சொல்வது போலச் சொல்லிவிட்டு, புடவையைச் செருகிக்கொண்டு தெருவில் இறங்கினார். அந்த வயதில் ஒருவர் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை.

பத்து நிமிஷம் எப்போதோ தாண்டிவிட்டது. அண்ணாச்சி சமாளித்தார். தோசை எங்கே என்று கட்டில்காரர் தலையைத் திருப்பும்போதெல்லாம் பக்கத்தில் போய், "கல்லு இப்பதான் காயுது சாமி" என்பார். அடுத்த தடவை, "மாஸ்டர் ஊத்திட்டாரு, வேகுது." அதற்கும் அடுத்தபடி, "முறுகலா கேட்டியள்லா, அதான்." எதிர்க் கட்டில்காரர் தனக்கு ஒரு பூரி செட் சொன்னார். "பூரி தீந்துபோச்சு சார், நாளைக்குப் பாப்போம்" என்றார் அண்ணாச்சி, கண்ணிமைக்காமல்.

நாங்கள் நடைபாதையில் போட்டிருந்த நாற்காலிகளில் உட்கார்ந்தோம். டாக்டர், "சாரும் அம்மாவும் ஒரு டீ குடிங்க" என்றார். அண்ணாச்சிதான் கொண்டுவந்தார், நாலு டம்ளரையும் ஒரே கை விரல்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு. நீதிபதியிடம், "அய்யாவுக்குச் சக்கரை போடலாமா?" என்று கேட்டார். டாக்டரம்மாவிடம் கேட்டார். டாக்டரிடமும் கேட்டார். என்னிடம் கேட்கவில்லை. என் முன்னால் டம்ளரை வைத்து, "சக்கரை கம்மி, ஆடை எடுத்தாச்சு, சார்" என்றார்.

நீதிபதி டம்ளரை வாய் வரைக்கும் கொண்டுபோனவர் கீழே இறக்கினார்.

"எனக்கு எப்படின்னு கேட்டான். அம்மைக்கும் கேட்டான். தம்பிக்கு மாத்திரம் கேட்டில்ல. அதெந்து காரணம்?"

அண்ணாச்சி தான் செய்ததை அப்போதுதான் உணர்ந்தார். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். நான் எழுந்து நின்றேன்.

"நான் தினமும் சாப்பிடற ஹோட்டல்ல சர்வர், சார். மத்த மூணு பேரும் அதே ஹோட்டல்தான். இன்னைக்கு அங்க வெள்ளையடிப்புன்னு லீவு."

டாக்டர் மழுப்பவில்லை. ஹோட்டல் முதலாளி ஆஸ்பத்திரிக் குமாஸ்தாவின் மச்சினன். எப்படியாவது ஆள் கொண்டுவா என்று டாக்டர் சொன்னதை, இன்றைக்கு ஒரு நாளைக்கு என்று குமாஸ்தா எடுத்துக்கொண்டிருக்கிறார். "காலையில துண்டோட வந்து நின்னப்பதான் எனக்கே தெரிஞ்சது. திருப்பி அனுப்பியிருக்கணும். அனுப்பலை" என்றார்.

நீதிபதி டம்ளரை ஓரமாக வைத்தார். பிறகு, "கோர்ட்டில் நான் எத்தனையோ கள்ளச் சாட்சி கண்டிட்டுண்டு. சாயா கொண்டுவந்து தானே கேஸைத் தோற்ற சாட்சி இதாணு முதல் தடவை" என்றார். அவர் மீசை லேசாக அசைந்தது. ஆனால் குரல் சிரிக்கவில்லை. "தம்பி, எழுது."

நான் பேனாவைத் திறக்கும்போது கேட் சத்தம் கேட்டது. மாமி மூச்சிரைக்க வந்தார். கையில் இலை போட்டு மூடிய தட்டும் சட்னிக் கிண்ணமும். எங்கள் முகங்களைப் பார்த்ததும் விஷயம் விளங்கிவிட்டது போல. நடைபாதை நடுவிலேயே நின்றுவிட்டார்.

அண்ணாச்சி தட்டைப் பார்த்தார், நீதிபதியைப் பார்த்தார். "அய்யா, ஆர்டர் வந்துட்டு. கொடுத்துட்டு வந்து நிக்கட்டா?"

"போய்க் கொடு" என்றார் நீதிபதி.

நாங்கள் எல்லோரும் வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்தோம். ஒரு மனிதர் தோசை தின்பதைப் பார்க்க ஓய்வு பெற்ற நீதிபதி, இரண்டு டாக்டர், ஒரு எழுத்தர், ஒரு மனைவி. அவர் முதலில் ஓரத்தை ஒடித்தார். முறுகலாக ஒடிந்தது, சத்தம் எங்களுக்கே கேட்டது. மெதுவாக மென்றார். அண்ணாச்சி நகரவில்லை. சட்னி குறையும்போது ஊற்றினார். பாதிக்கு மேல் உள்ளே போயிற்று. பிறகு கை கழுவிக்கொண்டு, "பில்லு?" என்று கேட்டார் கட்டில்காரர். மொத்த வார்டும் சிரித்தது. முதல் தடவை வந்தவர்களுக்குப் பில் கிடையாது என்றார் அண்ணாச்சி. மாமி தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

டாக்டரம்மா நீதிபதியிடம், "பக்கத்துல நிக்க ஒரு ஆள் இருந்தான். அவ்வளவுதான் சார். இதைத்தான் நாம ரெண்டு மாசம் முன்ன கேட்டோம்" என்றார்.

"அதே. ஆனா அந்த ஆள் நாளை இங்க இல்ல."

கடைசியில் நீதிபதி சொன்னது இது: முழு லைசென்ஸ் கிடையாது. ஆனால் நோயாளிகளை இப்போது நகர்த்தவும் வேண்டாம். இன்னும் கொஞ்சம் தவணை. அடுத்த தடவை எப்போது வருவோம் என்று சொல்ல மாட்டோம். அன்று வெள்ளைச் சட்டைக்குள் இருப்பவர்கள் சொந்த ஆளாக இருக்க வேண்டும். "எல்லாம் உள்ளது உள்ளபடி எழுது. இரவல் ஆள், தோசை, எல்லாம்."

எழுதினேன். எங்கள் பிரிவு அதிகாரி அறிக்கையைப் படித்துவிட்டு, அரசாங்க ரிப்போர்ட்டில் ரவா தோசை எதற்கு என்று கேட்டார். அதுதான் சார் தவணைக்குக் காரணம் என்றேன். மலையாளத்திலேயே ஏதோ முணுமுணுத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

டாக்டர் அண்ணாச்சியை வேலைக்குக் கூப்பிட்டார். அவர் மறுத்துவிட்டார். மறுநாள் காலை டீயை வைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "நல்ல இடந்தான் சார். ஒரு ஆளு சாப்பிட்டா ஊரே சந்தோசப்படுது. ஆனா அங்க ஒரு நாளைக்கு ஒரு தோசை. எனக்குக் காலு ஓடிக்கிட்டே இருக்கணும். மத்தியானம் பந்தி முடிஞ்சா நமக்குப் படுக்கைதானே, அப்பப்ப போயி ஒரு எட்டு பாத்துட்டு வாறேன்." பிறகு, "உங்களக் காட்டிக் கொடுத்துட்டேன்னு வருத்தமா?" என்றார்.

"நான்தான் அண்ணாச்சி உங்களக் காட்டிக் கொடுத்தேன்."

"அப்ப சரியாப் போச்சு" என்று அடுத்த மேஜைக்குப் போய்விட்டார்.

வேலைக்குச் சேர்ந்தது, யாரும் எதிர்பார்க்காத விதமாக, மாவாட்டுகிறவர். ஹோட்டலில் கரண்டில் ஓடும் கிரைண்டர் வாங்கிவிட்டார்கள். அவருக்கு அங்கே வேலை இல்லை. "பயம் இருக்கு சார்" என்று என்னிடமே சொன்னார். "ஆனா அந்தப் பையன் இருக்கான்லா, அவன் பாத்துக்கிடுதேன்னு சொல்லிருக்கான்." அந்தப் பையன் என்றால் தண்ணீர் கொடுத்த நோயாளி.

மற்ற ஆட்களுக்கு டாக்டரே அலைந்தார். நான் எங்கிருந்து வந்தவன் என்று பேச்சுவாக்கில் கேட்டு வைத்திருந்தவர், ஒரு நாள் பொன்முடிக்கே பஸ் ஏறிப் போய், பிள்ளைக் கொட்டகையில் ஆயாவாக இருந்து நின்றுபோன இரண்டு பெண்களைக் கேட்டுக் கூட்டி வந்தார். அதில் ஒருத்தி எங்கள் லயத்துக்காரி, எனக்கு அக்கா முறை. இதை மறைக்கக் கூடாது என்று நான் ஓடிப்போய் நீதிபதியிடம் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அப்போ அந்தப் பெண்குட்டியை மட்டும் நான் எண்ணிக்கொள்றேன். பாக்கியை நீ எண்ணு" என்றார்.

சொல்லாமல் போன அந்தக் கடைசிப் பார்வையிடல் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. ஜீப்பை ஒரு தெரு முன்னாலேயே நிறுத்தச் சொல்லி நடந்து போனோம். வாசலில் மூச்சை இழுத்தேன். பெனாயில் இருந்தது, மூக்கைக் கரிக்கவில்லை. அதையும் தாண்டி வெங்காயம்.

உள்ளே பெண்கள் பக்கத்தில் எங்கள் லயத்து அக்கா ஒரு அம்மாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தவள், நான் படிவத்தோடு வந்திருக்கிறேன் என்பது ஞாபகம் வந்து முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டாள். ஆண்கள் பக்கத்தில் மாவாட்டுகிறவர் ஜன்னலோரக் கட்டிலருகே நின்றிருந்தார். சட்டையில் மடிப்பு கலைந்து, மேல் பொத்தான் போயிருந்தது. அண்ணாச்சி சொல்லிக் கொடுத்த பட்டியலை ஒப்பித்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சியின் வேகம் அவருக்கு வராது. ஒவ்வொரு பலகாரமாக யோசித்து, விரல் மடக்கி வந்தார்.

"இட்லி... வடை... பூரி..."

"பொங்கலை விட்டுட்டீர்" என்றார் கட்டில்காரர்.

"பொங்கல். பொறவு... தோசை."

"எத்தனை தரம் சொல்றது, நெய் ரோஸ்ட் முன்னாடி வரணும்."

தோள்பட்டையில் சட்டை இப்போது கொஞ்சம் பொருந்தி நின்றது. கன்னத்தில் சதை தெரிந்தது. பட்டியல் எப்படிப் போனாலும் அவர் கேட்பது ரவா தோசைதான் என்றும், மாமி அதை வீட்டிலிருந்து கொண்டுவந்து அவருக்குத் தெரியாமல் சமையல்கட்டு வழியாகக் கொடுத்து அனுப்புகிறார் என்றும் டாக்டர் எங்களிடம் சொன்னார். மாமி கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

தோசை வந்தது. நான் படிவத்தைப் புரட்டி ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தேன். ஆள் கணக்கு இந்தத் தடவை விதிப்படி சரியாக இருந்தது. கடைசியில் நோயாளிகளின் புகார் என்று ஒரு கட்டம் உண்டு. எந்த ஆஸ்பத்திரியிலும் அதில் 'இல்லை' என்றுதான் எழுதியிருக்கிறேன். டாக்டரம்மாவுக்கு அந்தச் சொல் பிடிக்காது. ஒருத்தருக்குமே குறை இல்லைன்னா அங்க ஒருத்தரும் பேசலைன்னு அர்த்தம் என்பார்.

"உங்களுக்கு ஏதாவது புகார் உண்டா, சார்?" என்று ஜன்னலோரக் கட்டில்காரரிடம் கேட்டேன்.

அவர் வாயில் இருந்ததை மென்று முடித்தார். கணக்கர் அல்லவா, யோசித்துத்தான் சொன்னார்.

"உண்டு. தோசை முறுகலாத்தான் இருக்கு. ஆனா உப்பு போறலை. எங்காத்துத் தோசை இப்படி இருக்காது. எங்காத்துல பண்றதுல பாதி ருசிகூட இதுல இல்லை. எழுதிக்கோங்கோ."

நான் எழுத ஆரம்பித்தேன். மாவாட்டுகிறவர் மேலே பார்த்துக்கொண்டு நின்றார். டாக்டர் என் முதுகுக்குப் பின்னால் நின்று இருமினார். அதற்குமேல் மாமியால் பொறுக்க முடியவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்.

"உப்பை நான்தான் கொறைச்சேன். உங்களுக்குப் பிரஷர் இருக்குன்னு டாக்டர் சொன்னாராக்கும். இத்தனை நாளும் நான் வார்த்ததுதான் அத்தனையும். பாதி ருசியாம்."

நாங்கள் எல்லோரும் கட்டில்காரரின் வாயைப் பார்த்தோம். இறுக்கி மூடிக்கொள்வாரோ என்று நான் எழுதுவதை நிறுத்தினேன். அவர் மாமியைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார்.

"அதானே பாத்தேன்" என்று அடுத்த விள்ளலை ஒடித்துச் சட்னியில் தோய்த்தார்.

புகாரை அடித்துவிடட்டுமா என்று நீதிபதியிடம் கேட்டேன். அவர் அடிக்க விடவில்லை. "புகார் புகார்தான். உப்பு போதாதுன்னு எழுது" என்று சொல்லி, அதற்குக் கீழேயே லைசென்ஸுக்குக் கையெழுத்துப் போட்டார்.